குன்றுப் பாதைகளுக்கு எந்த சைக்கிள்: ஹார்டு டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா, கிராவலா, மின்சார வண்டியா?

குன்றும் பள்ளமுமான நாட்டுப்புறத்தில் ஒரு நாள் சுற்று என்றால், 20 கிலோமீட்டர் தூரம், மொத்தம் 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். பாதித் தூரம் ஏற்றம், பாதி இறக்கம். மண்பாதையில் ஏறும்போது மணிக்கு 6 கி.மீ. வேகம் கிடைத்தால் அந்தப் 10 கிலோமீட்டருக்கு ஒரு மணி 40 நிமிடம் ஆகும். இறங்கும்போது சராசரி 15 கி.மீ. என்றால் 40 நிமிடம் போதும். ஆக, சக்கரம் உருளும் 140 நிமிடத்தில் 100 நிமிடம் ஏறிக்கொண்டேதான் இருப்பீர்கள். வண்டி வாங்க நினைப்பவர்களின் பேச்சோ எப்போதும் இறக்கத்தையே சுற்றி வரும்: பின்னால் அதிர்வைத் தாங்கும் ஷாக் உண்டா, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்று. புதுப் பாதைகளைத் தேடிச் சுற்றுவதற்கான வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது கியர். அடுத்தது டயர், பிறகு பிரேக். சஸ்பென்ஷன் அதற்கும் பிறகுதான்.

தேர்வுக்கு நான்கு வகை வண்டிகள் உள்ளன. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் கொண்டது ஹார்டு டெயில்; ஃபோர்க் 100 முதல் 130 மி.மீ. வரை அமுங்கும், அலுமினிய ஃப்ரேமில் எடை 12 முதல் 14 கிலோ வரை வரும். முன்னும் பின்னும் உள்ளது ஃபுல் சஸ்பென்ஷன். பாதைச் சுற்றுக்கு ஏற்ற வகை 120 முதல் 150 மி.மீ. வரை அமுங்கும், எடை 13 முதல் 16 கிலோ. வளைந்த ஹேண்டில்பாரும் 40 முதல் 50 மி.மீ. அகல டயரும் கொண்டது கிராவல் சைக்கிள். பெரும்பாலும் சஸ்பென்ஷனே இருக்காது. நான்காவது மோட்டார் உதவியோடு ஓடும் மின்சார மௌண்டன் பைக். 22 முதல் 25 கிலோ எடை இருக்கும்.

ஏற்றத்தில் கியர் கணக்கு

கியரை ஒப்பிடும்போது பற்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மிகச் சிறிய கியரில் பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பாருங்கள். 29 அங்குலச் சக்கரமும் 2.3 அங்குல டயரும் சேர்ந்து சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். முன் செயின்ரிங்கின் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) பற்களைப் பின் கேசட்டின் (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கர அடுக்கு) பெரிய பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, 2.3-ஆல் பெருக்கினால் விடை கிடைத்துவிடும்.

முன்னால் 30 பல், பின்னால் 51 பல் உள்ள 12 கியர் வண்டியில் ஒரு சுற்றுக்கு 1.35 மீட்டர். முன்னால் 32 பல் போட்டால் 1.44. முன்னால் மூன்று செயின்ரிங் கொண்ட பழைய ஏற்பாட்டில் 22 பல்லும் பின்னால் 34 பல்லும் 1.49 மீட்டர் தரும். பழையது என்று பலர் ஒதுக்கும் இந்த மூன்று செயின்ரிங் ஏற்பாடு, ஏற்றத்தில் புதிய 12 கியருக்குக் கிட்டத்தட்ட சமம். மாட்டிக்கொள்வது இடையில் இருக்கும் வண்டிதான்: முன்னால் ஒரே ஒரு 32 பல் செயின்ரிங், பின்னால் 11-34 எட்டு கியர் கேசட். பார்க்கப் புதிதாக, சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு சுற்றுக்கு 2.16 மீட்டர் நகர்ந்தே ஆக வேண்டும்.

இதன் பொருளை வாட் கணக்கில் பார்த்தால் சட்டென்று விளங்கும். ஆளும் வண்டியும் தண்ணீர்ப் பையும் சேர்ந்து 90 கிலோ, பாதை 15 சதவீத ஏற்றம், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறீர்கள் என்று கொள்வோம். 1.35 மீட்டர் கியரில் வேகம் மணிக்கு 4.9 கி.மீ.; எடையைத் தூக்க மட்டும் சுமார் 177 வாட் தேவை. 2.16 மீட்டர் கியரில் அதே 60 சுற்றுக்கு 7.8 கி.மீ. வேகமும் 283 வாட்டும் வேண்டும். மண்ணின் இழுவை இதற்கு மேல் தனி. பழகிய, ஆனால் பந்தயக்காரர் அல்லாத ஒருவர் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 150 முதல் 200 வாட். 1.35 மீட்டர் கியரில் மூச்சு வாங்கினாலும் மேலே போய்ச் சேரலாம். 2.16 மீட்டர் கியரில் நிமிடத்துக்கு 40 சுற்றாகக் குறைந்து, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வலித்து, கடைசியில் இறங்கித் தள்ள வேண்டிவரும். அதனால் எந்த வகை வாங்கினாலும் ஒரு சுற்றுக்கு 1.5 மீட்டருக்குள் இருக்கட்டும். வாங்கிய பிறகு இது இடிக்கிறது என்று தெரிந்தால் முதலில் 28 அல்லது 30 பல் செயின்ரிங் மாட்டிப் பாருங்கள். கேசட்டை மாற்றுவதைவிட மிக மலிவு.

கிராவல் சைக்கிள் இந்தக் கணக்கில்தான் பின்தங்குகிறது. முன்னால் 46/30, பின்னால் 11-34 என்று இரட்டைச் செயின்ரிங் கொண்ட வண்டியிலும் மிகச் சிறிய கியர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர். தார்ச் சாலையும் சரளைப் பாதையும் கலந்து 60, 70 கி.மீ. போகிறவர்களுக்கு இது அருமையான வண்டி. அந்த வேலையில் மற்ற மூன்றும் இதன் அருகில் வர முடியாது. ஆனால் வேரும் உருட்டுக்கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் 12 சதவீத ஏற்றம் வந்தால் சரிப்பட்டு வராது. உங்கள் சுற்றுகளில் முக்கால் பங்கு மாட்டுவண்டித் தடம் போன்ற அகலப் பாதை என்றால் மட்டும் கிராவலை எடுங்கள்.

பின்னால் ஷாக் தேவையா?

ஃபுல் சஸ்பென்ஷன் வசதிக்காக மட்டும் உள்ளது என்று நினைப்பது தவறு. பின்சக்கரம் கல்லில் மோதும்போது ஹார்டு டெயிலில் சக்கரத்தோடு ஃப்ரேமும் சீட்டும் மேலே எகிறும், அந்த நொடியில் டயர் தரையை விட்டுவிடும். ஏற்றத்தில் பிடிப்பு போவதும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்குவதும் இதனால்தான். ஷாக் உள்ள வண்டியில் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும். டயர் தரையிலேயே ஒட்டியிருக்கும். வேர்கள் பின்னிக்கிடக்கும் ஏற்றத்தில், எடை கூடுதலாக இருந்தும், ஃபுல் சஸ்பென்ஷன் சில நேரம் எளிதாக ஏறிவிடுவதற்கு இதுவே காரணம். ஹார்டு டெயிலில் அதே இடத்தைக் கடக்க, முன்சக்கரம் வேரைத் தொடுவதற்குச் சற்று முன் ஹேண்டில்பாரின் பாரத்தைக் குறைத்து, முன்சக்கரம் ஏறியதும் இடுப்பை ஓரங்குலம் சீட்டிலிருந்து எழுப்பி, பின்சக்கரம் ஏறும்வரை மிதியை விடாமல் போக வேண்டும். கற்றுக்கொள்ளக்கூடியதுதான், ஆனால் நான்காவது மணி நேரத்தில் களைத்த காலுக்கு அது பெரிய வேலை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நான்கு இணைப்புத் தண்டுகள் கொண்ட பின் சஸ்பென்ஷனில் எட்டு பேரிங் வரை இருக்கும். சகதியும் நுண்மணலும் உள்ளே போனால் அவை இறுகும், பிறகு ஆட்டம் கொடுக்கும். நின்ற வண்டியின் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கும்போது கையில் ‘டொக்’ என்று ஒரு தட்டல் தெரிந்தால் பேரிங்கோ ஷாக்கின் புஷ்ஷோ தேய்ந்துவிட்டது என்று பொருள். முன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைத் திறந்து எண்ணெய் மாற்றுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி 50 மணி நேர ஓட்டம். அந்தப் பராமரிப்போடு பின் ஷாக்கையும் பேரிங்குகளையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு முறை, மண்ணும் சரளையும் கலந்த பாதை என்றால் என் தேர்வு ஹார்டு டெயில்; இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரே தொகைக்கு ஹார்டு டெயிலில், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த நல்ல காற்று ஃபோர்க்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் நல்ல டயரும் கிடைக்கும். அதே தொகைக்கு வரும் ஃபுல் சஸ்பென்ஷனில் பெயருக்கு ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது திரும்பி வரும் வேகத்தை அடக்க உள்ளே எண்ணெய் அமைப்பு எதுவும் இருக்காது. அமுங்கிய வேகத்திலேயே எகிறும் அந்த வண்டி, இறக்கத்தில் ஷாக்கே இல்லாத வண்டியைவிட ஆபத்தானது. பாறைப் படிகளும் வேர்களுமே பெரும்பகுதி, ஒரு தடவைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல், அல்லது முதுகு வலி உள்ளவர் என்றால் ஃபுல் சஸ்பென்ஷன் தன் விலையைத் திருப்பித் தரும்.

ஹார்டு டெயில் என்று முடிவானால் ஃப்ரேமில் இரண்டை மட்டும் பாருங்கள். ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஹெட் டியூப் கீழே 1.5 அங்குலமும் மேலே ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் கூம்பாக இருக்கிறதா? அச்சு, நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய க்விக் ரிலீஸாக இல்லாமல், முன்னால் 15 மி.மீ., பின்னால் 12 மி.மீ. தடிமன் கொண்ட, ஊடுருவித் திருகும் த்ரூ ஆக்ஸிலாக இருக்கிறதா? இவை இருந்தால் நாளை ஃபோர்க்கையோ சக்கரத்தையோ மாற்ற வழியுண்டு. இல்லையென்றால் நல்ல உதிரி கிடைப்பதே கடினம்.

சஸ்பென்ஷன் எதுவானாலும் அதை உங்கள் எடைக்கு ஏற்ப அமைக்காவிட்டால் காசு வீண். காற்று ஃபோர்க்கில் அமைப்பது பத்து நிமிட வேலை. ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் அணிந்துகொண்டு, சுவரில் தோளைச் சாய்த்து, இரண்டு பெடலிலும் எழுந்து நில்லுங்கள். ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு மேலேறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். 120 மி.மீ. ஃபோர்க்கில் 18 முதல் 24 மி.மீ. வரை இருக்கலாம், அதாவது 15 முதல் 20 சதவீதம். கூடுதலாக அமுங்கினால் ஷாக் பம்பால் காற்றைக் கூட்டுங்கள். பின் ஷாக்குக்கு 25 முதல் 30 சதவீதம். அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்பி எழும் வேகத்துக்கு, சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கிப் பாருங்கள். வண்டி ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி, இரண்டு மூன்று முறை துள்ளினால் அந்த வேகத்தை மாற்றும் சிவப்புத் திருகை ‘மெதுவாக’ என்ற பக்கம் ஒவ்வொரு சொடுக்காகத் திருப்புங்கள். சுருள் ஸ்பிரிங் கொண்ட காயில் ஃபோர்க்கில் காற்றைக் கூட்டிக் குறைத்து எடைக்கு ஏற்ப அமைக்கும் வசதி இல்லை. மேலே உள்ள குமிழ் தொடக்க இறுக்கத்தை மட்டுமே மாற்றும், ஸ்பிரிங்கின் வலுவை மாற்றாது. 55 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங்தான்.

மோட்டார் உதவி

மின்சார வண்டியைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. முழங்கால் தேய்ந்தவருக்கும், தன்னைவிட வேகமாக ஏறும் துணையோடு போகிறவருக்கும் அது குன்றுகளைத் திறந்துவிடுகிறது. ஆனால் பேட்டரிக் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். ஆளும் வண்டியும் 100 கிலோ என்றால் 1000 மீட்டர் உயரம் தூக்க 272 வாட்-மணி ஆற்றல் வேண்டும். பாதியை நீங்கள் மிதித்துத் தந்தாலும் மோட்டாரின் வெப்ப இழப்பும் மண்ணின் இழுவையும் சேர்ந்து பேட்டரியிலிருந்து 200 முதல் 250 வாட்-மணி போகும். மிதமான உதவியில் 500 வாட்-மணி பேட்டரி 2000 மீட்டர் ஏற்றத்துக்கு இழுக்கும். முழு உதவியில் வைத்தே ஓட்டினால் அதில் பெரிய துண்டு விழும். குளிரிலும் குறையும். பேட்டரி தீர்ந்த பிறகு 23 கிலோவை ஏற்றத்தில் மிதிப்பது தண்டனை; வேலியைத் தாண்டித் தனி ஆளாகத் தூக்குவது அதைவிட மோசம். மோட்டார் வண்டிக்குத் தடை உள்ள பாதைகள் பல இருக்கின்றன. நீங்கள் போகும் பாதை அதில் சேர்த்தியா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

டியூபா, டியூப்லெஸ்ஸா?

வண்டி எதுவானாலும் அதிகப் பலன் தரும் மாற்றம் டயரில்தான் இருக்கிறது. டியூப் போட்ட டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். ஆனால் கல்லின் முனையில் டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் டியூப் சிக்கிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் அருகருகே இரண்டு சிறு கீறல்கள், பாம்பு கடித்த தடம்போல. இந்தப் பயத்தால் 30 பி.எஸ்.ஐ. வரை அடைப்பார்கள், வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். டியூப்லெஸ்ஸில் நசுங்க டியூபே இல்லை. 70 முதல் 75 கிலோ எடையுள்ளவர் 2.35 அங்குல டயரில் முன்னால் 20 முதல் 22, பின்னால் 23 முதல் 25 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டலாம். டியூபோடு என்றால் நான்கைந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஹார்டு டெயில்காரருக்கு இந்தக் குறைந்த காற்றே பாதி பின் ஷாக் மாதிரி.

மாற்றுவதற்கு ரிம்மும் டயரும் டியூப்லெஸ் ரெடி வகையாக இருக்க வேண்டும். சாதாரண ரிம்மில் முயன்றால் வளைவில் டயர் விளிம்பு விலகி காற்று ‘புஸ்’ என்று போகும். ரிம் டேப், ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலமாக இருக்கட்டும். ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் ரிம்மைத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டேப் நகர்ந்து, ஸ்போக் துளை வழியே காற்று ஒழுகும். வால்வு நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள், இல்லையென்றால் காட்டுக்குள் டியூப் போட வேண்டிய நேரத்தில் கழற்ற வராது. 29 அங்குல டயருக்கு துளையை அடைக்கும் சீலன்ட் திரவம் 100 முதல் 120 மி.லி. ஊற்றி, வால்வின் உள்கருவைக் கழற்றிவிட்டு வேகமாக அடித்தால் டயர் விளிம்பு ‘பட், பட்’ என்று ரிம்மில் உட்காரும் சத்தம் கேட்கும். பிறகு கருவைப் போட்டு மறுபடி அடித்து, சக்கரத்தைக் கிடையாக எல்லாப் பக்கமும் சாய்த்துக் குலுக்க வேண்டும்.

குறையும் உண்டு. சீலன்ட் இரண்டு முதல் ஆறு மாதத்தில் காயும், வெயிலில் சீக்கிரமே. வண்டியை மாதத்துக்கு ஒரு முறைதான் எடுப்பவர், காய்ந்த சீலன்ட்டை நம்பிக் கிளம்பி முதல் முள்ளில் நிற்பார். அப்படிப்பட்டவர் டியூபோடு இருப்பதே நல்லது. டியூப்லெஸ்காரரும் ஒரு டியூப் கையில் வைத்திருக்க வேண்டும். பெரிய கிழிசலைச் சீலன்ட் அடைக்காது, சொருகும் ரப்பர்த் திரியும் எல்லா நேரமும் நிற்காது. இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில்: மாதக்கணக்காக ஓடிய டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் குத்தி நிற்கும் முள்முனைகள் பல இருக்கும், சீலன்ட் அடைத்துவிட்டதால் தெரியாமலே ஓடியிருக்கும். உள்சுவரை விரலால் மெல்லத் தடவி ஒவ்வொன்றையும் பிடுங்காமல் டியூபைச் சொருகினால், அடித்த காற்று ஐந்து நிமிடம்கூட நிற்காது.

இறக்கத்துக்கு பிரேக்

90 கிலோ எடை 300 மீட்டர் உயரத்தை 6 நிமிடத்தில் இறங்கினால், விடுபடும் ஆற்றல் சராசரி 735 வாட். அதில் பெரும்பகுதி இரண்டு பிரேக் டிஸ்க்கில் வெப்பமாகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு என்று சொல்லலாம். இறக்கம் முழுக்க லேசாக அழுத்திக்கொண்டே வந்தால்தான் பிரேக் இந்தச் சூட்டைத் தாங்காமல் போகும். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டால் டிஸ்க் இடையில் ஆறும். முன்னால் 180 மி.மீ., பின்னால் 160 மி.மீ. டிஸ்க் போதும், 90 கிலோவுக்கு மேற்பட்ட ஆளுக்கும் மின்சார வண்டிக்கும் இரண்டும் 180 அல்லது அதற்கு மேல்.

கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கை 5 மி.மீ. ஆலன் சாவி ஒன்றால் காட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால் பேட் தேயத் தேய நீங்களே திருகி நெருக்கிவர வேண்டும், நீண்ட இறக்கத்தில் விரல் மரத்துவிடும். ஹைட்ராலிக் ஒரு விரலில் அடங்கும். குன்றுப் பகுதிக்கு ஹைட்ராலிக்தான், இதில் வாதமே வேண்டாம். இரண்டு பழக்கம் மட்டும் வேண்டும்: சக்கரம் கழற்றியிருக்கும்போது லிவரை அழுத்தக் கூடாது, பேட்கள் ஒட்டிக்கொள்ளும், கனிம எண்ணெய் பிரேக்கில் டாட் (DOT) வகை பிரேக் திரவத்தையோ, டாட் பிரேக்கில் கனிம எண்ணெயையோ ஊற்றக் கூடாது, உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். புது பேட் போட்டால் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை, முழுதாக நிறுத்தாமல், இருபது முறை பிடித்துப் பழக்கிய பிறகே இறக்கத்துக்கு எடுத்துப் போங்கள்.

சக்கர அளவில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. 29 அங்குலம் கல்லின் மேல் எளிதாக ஏறும். 160 செ.மீ.-க்குக் குறைந்த உயரம் என்றால் 27.5 அங்குலம் நிற்கவும் திருப்பவும் சுலபம். கையால் சொடுக்கினால் இறங்கும் டிராப்பர் சீட் தண்டு, பணம் மிஞ்சினால் அடுத்து வாங்க வேண்டியது. செங்குத்தான இடத்தில் சீட் வயிற்றில் இடிக்காமல் உடலைப் பின்னால் இறக்க அது உதவும்.

வழியில் உடைந்தால்

ஒற்றையடிப் பாதையில் அடிக்கடி உடைவது டீரெய்லர் (பின்கியர் மாற்றி) ஹேங்கர். டீரெய்லரை ஃப்ரேமோடு இணைக்கும் சிறு அலுமினியத் துண்டு. கல்லில் இடித்தால் ஃப்ரேமைக் காப்பாற்ற அது முதலில் வளையும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதன் வடிவம் மாறும் என்பதால் வண்டி வாங்கும் அன்றே ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போடுங்கள். ஸ்ராம் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த யூ.டி.எச். என்ற பொது வகை ஹேங்கர் பொருந்தும் ஃப்ரேம் என்றால் உதிரி தேடும் தொல்லை குறைவு.

உதிரியும் இல்லாமல் மாட்டிக்கொண்டால் செயினைப் பிரித்து, டீரெய்லரை விட்டு, நடுப் பல்சக்கரத்தில் நேராகச் சுற்றி ஒற்றை கியராக்குவது வழக்கம். ஹார்டு டெயிலில் இது ஒரு மாதிரி ஓடும். வீடு வரை கொண்டுவந்துவிடும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது பின் அச்சுக்கும் பெடல் கிராங்குக்கும் உள்ள தூரமே மாறுகிறது. செயின் தொய்ந்து கழலும், அல்லது இழுபட்டு அறும். ஆளரவமில்லாத பாதைகளில் தனியாகச் சுற்றுகிறவர் இதையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் முடிந்தால் ஹார்டு டெயில், ஃபுல் சஸ்பென்ஷன் இரண்டையும் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்து ஒரே 5 கி.மீ. வளையத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் டயர்க் காற்று ஒரே அளவாக இருக்கட்டும், இல்லையென்றால் டயரைத்தான் ஒப்பிடுவீர்கள். ஏற்றத்தில் எத்தனை இடத்தில் கால் ஊன்ற நேர்ந்தது என்று எண்ணுங்கள். கடைசியாக வண்டியைத் தோளில் தூக்கி இருபது படி நடந்து பாருங்கள். ஹார்டு டெயிலின் முக்கோணத்துக்குள் தோள் நுழையும். பல ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிகளில் அந்த இடத்தில் ஷாக் இருக்கும். கையாலேயே தூக்கிப்பிடிக்க வேண்டும்.